ஒன்பதா, பூஜ்யமா? சொரியாசிஸ் சார்ட்டுக்குக் குறியீடு போடும் முறை

நான் மெடிக்கல் கோடர். அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய நோயாளிக் குறிப்பை, அதாவது சார்ட்டைப் படித்து, காப்பீட்டுக் கோரிக்கைக்கான குறியீடு போடுவது என் வேலை. அன்று வந்த சார்ட்டில் இருந்தது இவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய பெண். இரண்டு முழங்கைகளிலும் முழங்கால்களிலும் தடித்துச் சிவந்த திட்டுகள், அவற்றின் மேல் வெள்ளைச் செதில். நோய் முடிவு எழுதும் இடத்தில் "சொரியாசிஸ், மாற்றமில்லை." சிகிச்சை எழுதும் இடத்தில் "அதே களிம்பைத் தொடரவும்." கையெழுத்து, தேதி. (அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். கீழே வரும் மற்ற எடுத்துக்காட்டுகள் நானே கட்டியவை.)

நான் எல்40.0 என்ற குறியீட்டைப் போட்டேன். பிளேக் சொரியாசிஸ் என்று பொருள். வாரக் கடைசியில் ஆடிட்டில் அது தவறு என்று திரும்பி வந்தது. சரியான குறியீடு எல்40.9, அதாவது வகை குறிப்பிடப்படாத சொரியாசிஸ்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் அம்மா கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அவருடைய முழங்கைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். தலையில் மாட்டும் கூடைக் கயிறு அழுந்துகிற நெற்றி ஓரத்தில்தான் அவருக்கு முதல் திட்டு வந்தது. அடிபடும், உரசப்படும் தோலில் புதுத் திட்டு கிளம்புவதற்குக் கோப்னர் விளைவு என்று பெயர் உண்டு என்பதைப் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். பார்த்தது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில். தடித்த திட்டு, வெள்ளைச் செதில், முழங்கை என்றால் அது பிளேக் வகை என்பது எனக்கா தெரியாது?

தெரியும். கோளாறே அதில்தான் இருந்தது. அம்மாவிடம் புலம்பியபோது அவர் தன் பழைய கதை ஒன்றைச் சொன்னார். ஒரு நாள் சாயங்காலம் இருபத்திரண்டு கிலோ கொழுந்து எடை போட்டிருக்கிறார். துண்டுச்சீட்டில் பன்னிரண்டு என்று விழுந்துவிட்டது. கூடையைப் பக்கத்து நிரைக்காரிகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சம்பளம் மட்டும் பன்னிரண்டு கிலோவுக்குத்தான் வந்தது. "கணக்கப்பிள்ளை கூடையைப் பார்த்துச் சம்பளம் போடமாட்டார், துண்டைப் பார்த்துத்தான் போடுவார்" என்றார். எங்கள் வேலையும் துண்டைப் பார்க்கிற வேலைதான். திட்டுகளின் தோற்றம் பரிசோதனைப் பகுதியில் இருந்தது; வகையின் பெயரை மருத்துவர் எங்கும் எழுதவில்லை. தோற்றத்திலிருந்து வகையைக் கண்டுபிடிப்பது நோயறிதல். அதற்கு எனக்கு உரிமம் இல்லை. நோய்களுக்கான அமெரிக்கக் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம் விதிமுறையின் முதல் பிரிவிலேயே, நோய் இருக்கிறது என்று மருத்துவர் கூறும் வாசகமே குறியீட்டுக்கு அடிப்படை என்று போட்டிருக்கிறார்கள். பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்திருந்தேன். அம்மாவின் முழங்கை நினைவுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

கோவையிலோ சென்னையிலோ பயிற்சி முடித்து, அமெரிக்க வெளிநோயாளி சார்ட்டுகளைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோல் பிரிவு எளிது என்று சொல்லி உங்களிடம் தள்ளியிருப்பார்கள். நம்பாதீர்கள்.

எல்40 குடும்பம்

அகரவரிசை அட்டவணையில் தேடி, பிறகு எண்வரிசைப் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். எண் மனப்பாடமாக இருந்தாலும் இப்படித்தான். குறியீடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படுகின்றன, மனப்பாடம் புதுப்பிக்கப்படுவதில்லை.

எல்40.0 பிளேக் வகை. எல்40.1 உடல் முழுவதும் சீழ்க்கொப்புளங்கள் வரும் வகை. எல்40.2 விரல் நுனிகளைப் பிடிக்கும் அக்ரோடெர்மடைட்டிஸ் கன்டினுவா. இதை நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவதில்லை. எல்40.3 உள்ளங்கை, உள்ளங்காலில் வரும் சீழ்க்கொப்புளங்கள். கவனியுங்கள், உள்ளங்கையில் சொரியாசிஸ் என்று மட்டும் இருந்தால் அது எல்40.3 ஆகிவிடாது, சீழ்க்கொப்புளம் என்ற சொல்லை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். எல்40.4 கட்டேட், சிறு சிறு துளிகளாகத் தெளித்தாற்போல வருவது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்துபோன பிறகு சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இது கிளம்புவதுண்டு. அந்தத் தொற்று இன்னும் இருப்பதாக மருத்துவர் எழுதியிருந்தால் அதற்கும் தனிக் குறியீடு சேர்க்க வேண்டும். அக்குள், தொடையிடுக்கு போன்ற மடிப்புகளில் வரும் வகை எல்40.8இல் அடங்கும். சில மருத்துவர்கள் அதை இன்வெர்ஸ் சொரியாசிஸ் என்பார்கள். பெயர்தான் வேறு, நோய் ஒன்றே.

இந்தக் குடும்பம் இடதா வலதா என்று கேட்பதில்லை. எத்தனை விழுக்காடு தோல், எவ்வளவு கடுமை என்றும் கேட்பதில்லை. நகத்தளவு திட்டுக்கும் முதுகு முழுவதும் பரவியதற்கும் ஒரே எல்40.0தான். இது பின்னால் பெரிய தலைவலியாகும், அங்கே வருகிறேன்.

மூட்டு

அதிகம் வழுக்கும் இடம் எல்40.5. சொரியாசிஸ் உள்ளவருக்கு மூட்டழற்சியும் வந்தால் இந்த வரிசை. எல்40.50 வகை சொல்லாதது, 51 விரல் நுனி மூட்டுகள், 52 மூட்டைச் சிதைக்கும் வகை, 53 முதுகெலும்பு, 54 சிறார், 59 பிற. தோலில் பிளேக்கும் மூட்டில் அழற்சியும் இரண்டுமே எழுதப்பட்டிருந்தால் இரண்டுக்கும் குறியீடு போடுங்கள்.

"சொரியாசிஸ் உள்ளது, வலது முழங்கால் வலிக்கிறது என்கிறார்" என்று இருந்தால் அது சொரியாசிஸ் மூட்டழற்சி ஆகாது. எல்40.9, கூடவே வலது முழங்கால் வலிக்கான எம்25.561. எங்கள் ஊரில் ஏற்றத்தில் இறங்கி ஏறுகிற எல்லாருக்கும் முழங்கால் வலிக்கும். மூட்டழற்சி என்று மருத்துவர் சொல்லாமல் நீங்கள் எல்40.50 போட்டால் அதன் விளைவு ஒரு கிளைமோடு, அதாவது ஒரு காப்பீட்டுக் கோரிக்கையோடு நிற்காது. அமெரிக்க அரசு பணம் தர, தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிக்கேர் அட்வான்டேஜ் காப்பீட்டுத் திட்டங்களில் நோயாளியின் இடர் மதிப்பெண்ணைக் கூட்டும் குறியீடுகளில் சொரியாசிஸ் மூட்டழற்சி உண்டு. அந்த மதிப்பெண் கூடினால் அரசு தரும் பணமும் கூடும். மருத்துவச் செலவுக்கான அந்த மதிப்பெண்ணில் வெறும் தோல் சொரியாசிஸ் இல்லை. ஆதாரமில்லாமல் சேர்த்த ஓர் எண் அரசுப் பணத்தைத் தவறாகக் கேட்டதாக முடியும்.

நோயாளியின் பழைய நோய்ப் பட்டியலில் மூட்டழற்சி என்று இருக்கும். அன்றைய குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். அன்று மருத்துவர் அதைக் கண்காணித்தாரா, பரிசோதித்தாரா, மதிப்பிட்டாரா, சிகிச்சை மாற்றினாரா? ஏதாவது ஒன்றுக்காவது எழுத்தில் சான்று வேண்டும். போன முறைக் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருப்பதும் உண்டு. மூன்று வருகைகளிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் ஒட்டியதுதான். அப்படிப்பட்ட சார்ட்டில் அன்றைக்கு எழுதிய வரி எது என்று தேடுவதே பாதி வேலை.

சந்தேகம் என்ற சொல்

"சொரியாசிஸாக இருக்கலாம், படர்தாமரை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்." வெளிநோயாளி சார்ட்டில் இதற்கு எல்40உம் இல்லை, படர்தாமரையும் இல்லை. தெரிந்த அறிகுறியை மட்டும் போடுங்கள்: தோல் தடிப்புக்கு ஆர்21. உள்நோயாளியாக இருந்து வீட்டுக்கு அனுப்பும்போதும் அதே சந்தேகம் நீடித்தால் விதி நேர் எதிர். அங்கே நோய் இருப்பதாகவே கொண்டு குறியீடு போடலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் தடுமாறுவது இதில்தான்.

இதன் தம்பி போன்றது ஹைட்ரடெனைட்டிஸ், எல்73.2. அக்குளில் திரும்பத் திரும்பக் கட்டி, சீழ், தழும்பு என்று பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, முடிவில் "அக்குள் சீழ்க்கட்டி" என்று மட்டும் எழுதுவார்கள். உங்களுக்கு நோய் பளிச்சென்று தெரியும். ஆனாலும் சீழ்க்கட்டிக்கான எல்02 வரிசைதான். இந்த நோயின் கடுமையைச் சொல்லும் ஹர்லி அளவில் முதல் நிலையா மூன்றாம் நிலையா என்பதற்கு ஐசிடியில் இடமே இல்லை.

மருந்துக்கும் குறியீடு உண்டு

நெடுநாள் மருந்துக்கான இசட்79 வரிசையை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். 2022 அக்டோபர் 1இலிருந்து இது விரிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அடலிமுமாப், செகுகினுமாப் போன்ற உயிரியல் ஊசிகளுக்கு இசட்79.620. சைக்ளோஸ்போரினுக்கு இசட்79.621. ஜேஏகே என்ற நொதியைத் தடுக்கும் மாத்திரைகளுக்கு இசட்79.622. மெத்தோட்ரெக்சேட்டுக்கு இசட்79.631. இந்தக் கடைசி எண் கீமோதெரபி மருந்துகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். தலைப்பைப் பார்த்து மிரண்டு, நோயாளிக்குப் புற்றுநோய் இருக்கிறதோ என்று சார்ட்டைப் புரட்டிய புதியவரை எனக்குத் தெரியும். (நான்தான்.) அந்தத் தேதிக்கு முந்தைய சார்ட் கைக்கு வந்தால் இவற்றில் எதுவும் செல்லாது, பழைய பொதுக் குறியீடான இசட்79.899தான். நீங்கள் குறியீடு போடும் தேதி முக்கியமில்லை, எந்த ஆண்டுப் புத்தகம் என்பதை நோயாளி மருத்துவரைப் பார்த்த தேதிதான் தீர்மானிக்கும்.

உயிரியல் ஊசி தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய்க்குப் பரிசோதனை செய்வார்கள். அதற்காகவே வந்த வருகைக்கு இசட்11.7.

"மாற்றமில்லை" என்ற ஒரு சொல்லின் விலை

நோய்க்கு ஐசிடி என்றால், மருத்துவர் செய்த சேவைக்கு சிபிடி என்ற தனிக் குறியீட்டுத் தொகுப்பு. மருத்துவர் வருகைக்கான சிபிடி குறியீட்டில் 2021இல் பெரிய மாற்றம் வந்தது. எத்தனை உறுப்பைப் பரிசோதித்தார் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, முடிவெடுப்பின் சிக்கலையோ செலவான நேரத்தையோ பார்க்கச் சொன்னார்கள். முடிவெடுப்பில் மூன்று கூறுகள்: நோய், ஆய்வு செய்த தகவல், இடர். மூன்றில் இரண்டு நிறைவேற வேண்டும்.

நிலையாக உள்ள ஒரே நாள்பட்ட நோய், மருந்துச் சீட்டு எழுதினார், வேறு தகவல் ஆய்வு ஏதுமில்லை. இது 99213. அதே நோயாளிக்கு நோய் கட்டுக்குள் வரவில்லை என்றால் ஒரு படி மேலே, 99214. இப்போது முதல் பத்தியில் இருக்கும் "மாற்றமில்லை" என்பதைப் பாருங்கள். சிபிடி வரையறைப்படி நிலையான நோய் என்பது சிகிச்சையின் இலக்கை எட்டிய நோய். ஆறு மாதமாகத் திட்டு ஒரே அளவில் இருந்தாலும், அது குறைய வேண்டும் என்பது இலக்காக இருந்தால், நோய் நிலையாக இல்லை. மாற்றமில்லை என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பது மருத்துவருக்குத் தெரியும், எழுதவில்லை. "இலக்கை எட்டவில்லை" என்று இரண்டே சொல் சேர்த்திருந்தால் போதும். அதை நாம் சேர்க்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு சறுக்கல் உண்டு. மெத்தோட்ரெக்சேட் நச்சு விளைவுக்காக இரத்தப் பரிசோதனை எடுத்துக் கண்காணிப்பது உயர் இடர் என்று படித்துவிட்டு, நேரே அதற்கும் மேல்படியான 99215 போடுவார்கள். இடர் ஒன்று மட்டும் உயர்ந்தால் போதாது. இன்னொரு கூறும் அந்த உயரத்துக்கு வர வேண்டும்.

செய்முறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் புறஊதா ஒளி 96900. தாரோ பெட்ரோலேட்டமோ தடவிப் பிறகு யூவிபி என்ற புறஊதா-பி ஒளி கொடுத்தால் 96910. தடவியது எழுத்தில் இல்லையென்றால் தடவவே இல்லை. எக்ஸைமர் லேசருக்குப் பரப்பளவு வேண்டும்: 250 சதுர சென்டிமீட்டருக்குக் கீழ் 96920, 250 முதல் 500 வரை 96921, அதற்கு மேல் 96922. திட்டுக்குள் ஊசி போடுவதில் ஏழு திட்டு வரை 11900, அதற்கு மேல் 11901. எத்தனை முறை குத்தினார் என்பதை எண்ணாதீர்கள், திட்டுகளை எண்ணுங்கள். செய்முறை நடந்த அதே நாளில் தனியாக மதிப்பீடும் நடந்து, அது எழுத்தில் பிரித்துத் தெரிந்தால்தான் வருகைக் குறியீட்டோடு மாடிஃபையர் 25 என்ற இணைப்பு எண்.

குறியீட்டில் ஏறாதவை

கடுமைக்குக் குறியீடு இல்லை என்றேன். ஆனால் விலை உயர்ந்த ஊசிக்கு முன்அனுமதி கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதே கடுமையைத்தான். அதற்கு மருத்துவக் குறிப்பில் எண் வேண்டும். உடல் பரப்பில் எத்தனை விழுக்காடு. நோயாளியின் விரல்கள் உட்பட ஓர் உள்ளங்கை ஏறக்குறைய ஒரு விழுக்காடு. பத்துக்கு மேல் போனால் பொதுவாகக் கடுமை என்பார்கள். திட்டுகளின் பரப்பையும் கடுமையையும் சேர்த்து அளக்கும் பாசி (பிஏஎஸ்ஐ) மதிப்பெண் 0 முதல் 72 வரை. வாழ்க்கைத் தரத்தைக் கேட்கும் டிஎல்க்யூஐ 0 முதல் 30 வரை. இதற்கு முன் என்னென்ன மருந்து, எத்தனை வாரம், ஏன் நிறுத்தப்பட்டது. பரப்பு குறைவாக இருந்தாலும் உள்ளங்கை, உள்ளங்கால், முகம், பிறப்புறுப்பு என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு விழுக்காடுதான், ஆனால் அது இரண்டு உள்ளங்கைகள் என்றால் அந்த மனிதர் எதைப் பிடித்து வேலை செய்வார்?

இதை நான் அமெரிக்கச் சார்ட்டுகளில் கற்றுக்கொண்டு, வீட்டில் கோட்டைவிட்டேன். அம்மாவைக் கீழே சமவெளியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, அங்கிருந்த மருத்துவர் இதுவரை என்ன சாப்பிட்டார், எத்தனை நாள் என்று கேட்டார். மூன்று ஊர்ச் சீட்டுகளை நீட்டினேன். ஒன்றில் "தோல் நோய்", ஒன்றில் "களிம்பு", ஒன்றில் மழையில் நனைந்து ஊறிய மை. நாட்டு வைத்தியர் இந்த நோயைக் காளாஞ்சகப்படை என்று சொல்லிக் கொடுத்த எண்ணெயைப் பற்றி எங்குமே இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அதன் பிறகு அம்மாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இருந்தால் இப்படிப் போடுங்கள். மாதம் ஒரு படம்: அதே சன்னல், அதே பகல் நேரம், அதே தூரம். திட்டுகள் எத்தனை உள்ளங்கை அளவு. மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள், நிறுத்தியதற்குக் காரணம். மெத்தோட்ரெக்சேட் என்றால் எந்தக் கிழமை என்று பெரிய எழுத்தில். இந்த நோய்க்கு அது வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மருந்து, தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒட்டிவையுங்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் எத்தனை நிமிடம் விறைத்திருந்தன என்று எழுதுங்கள். மூட்டைப் பற்றிக் கேட்கும் மருத்துவருக்கு அந்த நிமிடக் கணக்கு உதவும். அம்மாவின் நோட்டில் ஜனவரிப் பக்கங்கள்தான் நெருக்கமாக இருக்கும். உறைபனி விழும் வாரங்களில் காற்றில் ஈரம் வற்றித் தோல் வெடிக்கும். அதோடு அவர் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்வார். சொன்னால் கேட்பதில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நம் ஊர் மருத்துவமனை ஆவணங்களில் எல்40.5உடன் எம்07 சேர்ந்து வந்தால் குழம்பாதீர்கள். அது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10. சிலுவைக் குறி, நட்சத்திரக் குறி என்று இரட்டைக் குறியீடு அங்கே உண்டு. அமெரிக்கப் பதிப்பில் இல்லை. 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் சொரியாசிஸ் இஏ90.

கேள்வி கேட்கும் முறை

வகை எழுதப்படவில்லை என்றால் இரண்டு வழி. எல்40.9 போட்டுவிட்டு நகர்வது, தவறில்லை. இல்லையென்றால் மருத்துவருக்குக் குவெரி, அதாவது எழுத்தில் ஒரு கேள்வி அனுப்புவது. எதற்கு அனுப்பலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நோயாளிக்கு இருப்பது பிளேக் சொரியாசிஸ்தானே, உறுதிப்படுத்தவும்" என்று எழுதக் கூடாது. பதிலை வாயில் ஊட்டுவது அது. கட்டணம் கூடும், கிளைம் தப்பும் என்று ஒரு சொல்லும் வரக் கூடாது. நான் அனுப்புவது இப்படி: "இத்தேதியிட்ட குறிப்பில், இரு முழங்கைகளிலும் முழங்கால்களிலும் செதிலுடன் தடித்த திட்டுகள் என்று பரிசோதனையிலும், சொரியாசிஸ் என்று நோய் முடிவிலும் உள்ளது. தங்கள் மருத்துவக் கணிப்பில் இதன் வகையைக் குறிப்பிட இயலுமா? பிளேக் வகை. வேறு வகை, பெயர் குறிப்பிடவும். தீர்மானிக்க இயலாது." சார்ட்டில் சீழ்க்கொப்புளத்துக்கு அடையாளமே இல்லாதபோது, பட்டியல் நீளமாகத் தெரிய வேண்டும் என்று அந்த வகையையும் சேர்க்காதீர்கள். சார்ட்டில் சான்று உள்ளதை மட்டும் கொடுங்கள். மற்றவற்றுக்கு "வேறு வகை" போதும்.

பதில் வாய்மொழியாக வந்தால் பயனில்லை. தேதியோடும் கையெழுத்தோடும் சார்ட்டில் அடெண்டமாக, அதாவது பின்சேர்க்கையாக ஏற வேண்டும்.

அந்த முதல் சார்ட்டுக்கும் அனுப்பினேன். அந்த வாரம் மழையில் மரம் சாய்ந்து இரண்டு நாள் இணையம் இல்லை. திரும்ப உள்ளே போனபோது ஒற்றை வரி காத்திருந்தது: "நாள்பட்ட பிளேக் சொரியாசிஸ்." ஒன்பதை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தைப் போட்டேன். ஆடிட்டில் போன மதிப்பெண்ணை மட்டும் அவர்கள் திருப்பித் தரவில்லை.